பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று தரப்படும் கட்டற்ற மென்பொருள் பற்றி அத்தானிடம் முதன்முதலாகப் பேசியபோது அவர் எடுத்து வீசியது இதைத்தான்.

"ஓசியில குடுக்கிறான்னா பல்லு போன மாடாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. பல்லைப் பாக்காதேன்னு சொல்றதே அதுக்குத்தான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒரு வாரத்துக்கு முன்புதான் என் கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். புதிதாக மாலை போட்டவனுக்குப் பக்தி அதிகம் அல்லவா? சுதந்திரம், சமூகம், பயனரின் நான்கு உரிமைகள், அறிவு என்பது பொதுச்சொத்து என்று ஒரு மணி நேரம் பொழிந்து தள்ளினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "எல்லாம் சரி. என் கணக்கு சாஃப்ட்வேர் இதுல ஓடுமா?" என்றார்.

ஓடாது. பேச்சு அதோடு முடிந்தது.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்று சொல்லியே கொடுக்கிற ஒரே மாடு இதுதான். பார்க்கலாம், வைத்தியம் பண்ணலாம், கன்றை ஊருக்கே கொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அங்கேதான் மாட்டின் வாயைத் தைத்துத் தருகிறார்கள்.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. விலை இல்லாததற்கும் விடுதலைக்கும் அங்கே 'ஃப்ரீ' என்று ஒரே சொல். அதனால் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது வருடமாக மேடைக்கு மேடை ஏறி, நான் சொல்வது காசைப் பற்றி அல்ல என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் சொல்லே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனாலும் நம் ஆட்களின் காதில் இரண்டும் 'ஓசி' என்றுதான் விழுகிறது. சொல் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

அத்தானிடம் தோற்ற கையோடு ஒரு நண்பனைப் பிடித்தேன். அவன் சந்தேகப் பேர்வழி இல்லை, நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன். அவன் மடிக்கணினியைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் இரவு பதினோரு மணிக்கு போன். மறுநாள் காலை அவன் ஓர் அறிக்கையை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர், இரண்டு மணி வரை அதைத் தேடினேன். தயாரித்தவர்கள் அந்த மாடலுக்கு லினக்ஸில் எதுவும் எழுதவில்லை, எப்படிப் பேசினால் அதற்குப் புரியும் என்ற விவரத்தையும் வெளியிடவில்லை. அந்த வார இறுதியில் அவன் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிப் போனான். இன்றும் எங்காவது பிரிண்டரைப் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இயக்கமே ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது. ஸ்டால்மன் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிரிண்டர் வேறு மாடியில். அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றுமே அச்சாகியிருக்காது. பழைய பிரிண்டரின் நிரல் கையில் இருந்ததால் அவர் அதில் ஒரு சின்ன வேலை செய்து வைத்திருந்தார். காகிதம் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருக்கிற எல்லோருக்கும் செய்தி போகும், யாராவது எழுந்து போய் எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஜெராக்ஸ் ஒரு புதிய லேசர் பிரிண்டரை ஆய்வகத்துக்குக் கொடுத்தது. வேகமானது, அழகாக அச்சிடும், அதுவும் சிக்கும். ஆனால் இதன் மூல நிரலை, அதாவது ஆள் படித்து மாற்றக்கூடிய வடிவத்தை, தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாளரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவரிடமே போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

சில வருடங்களில், 1983 செப்டம்பர் 27ஆம் தேதி, முழுக்க முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். க்னு திட்டம் அப்படித்தான் பிறந்தது. நான் அத்தானிடம் சுதந்திரம் பற்றிப் பிரசங்கம் செய்ததற்குப் பதில் இந்தக் காகிதம் சிக்கிய கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இயந்திரம் மக்கர் பண்ணுகிறது, சரி செய்ய நமக்குத் தெரியும், கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இந்த எரிச்சல் அத்தானுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

சந்தேகப்படுகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் நியாயமானவை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. "சும்மா எவன் குடுப்பான்? அவனுக்கு இதுல என்ன?" என்பது முதல் கேள்வி. நல்ல மனது, தொண்டுள்ளம் என்றெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. உண்மையில், லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலில் இன்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் செய்கிறார்கள். சிப் தயாரிப்பவர்கள், சர்வர் விற்பவர்கள், செல்பேசி செய்பவர்கள் என்று பல நிறுவனங்கள் ஆள் வைத்து எழுதுகின்றன. அவர்களுக்கு எல்லாம் ஒரு பாலம் தேவை. ஆளுக்கொரு பாலம் கட்டுவதைவிடச் சேர்ந்து ஒன்றைக் கட்டிக்கொள்வது லாபம், அவ்வளவுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பொழுதுபோக்காகச் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லித் தொடங்கியதுதான் லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து வேகத்தில் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் (சூப்பர் கம்ப்யூட்டர்) அதில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் அடியில் இருப்பதும் அதுதான். அதாவது, இது ஓசி மாடு என்று என்னிடம் வாதாடுகிறவர் பெரும்பாலும் அந்த மாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வாதாடுகிறார். ஆனால் இதைச் சொல்லி யாரும் மனம் மாறியதாக எனக்கு நினைவில்லை. கோபம்தான் வந்தது.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கூரானது. எல்லோரும் நிரலைப் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? ஆயிரம் கண்கள் பார்ப்பதால் பிழை தப்பாது என்று முன்பெல்லாம் பட்டென்று சொல்வேன். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்து என் வாயை அடைத்தது. இணையத்தின் பூட்டுகளில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஓர் ஓட்டை. இரண்டு வருடத்துக்கும் மேலாக எல்லோர் கண்ணெதிரிலும் திறந்தே கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அந்தத் திட்டத்துக்கு ஆண்டு முழுக்க வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர் என்ற விஷயமும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. பல்லைப் பார்க்கலாம் என்பது உரிமை. யாரோ பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே கேள்விக்கு இன்னொரு முகத்தை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கட்டற்ற கருவி. தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவருக்கு உதவ வந்தவர் போல ஒருவர் நுழைந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். அப்புறம் சத்தமில்லாமல் ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்தார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது அவர் கண்ணில் பட்டது. அரை நொடிதான். நாமெல்லாம் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே பிடிபட்டுவிட்டது. திருடன் உள்ளே வந்ததும் நிரல் திறந்திருந்ததால்தான், பிடிபட்டதும் அதனால்தான். இரண்டையும் சேர்த்துத்தான் இப்போது சொல்கிறேன். பாதியை மறைத்துச் சொன்னால் மீதிப் பாதியையும் நம்ப மாட்டார்கள், அனுபவம்.

சரி, அத்தானிடம் வருகிறேன்.

அவருடைய கணக்கு மென்பொருளைச் செய்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரை அணைத்துவிட்டார்கள். அத்தானுக்கு இது எதுவுமே தெரியாது, ஏனென்றால் அவர் கணினியில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் ஹார்ட் டிஸ்க் போனது. காப்புப் பிரதி இருந்தது. அந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். புதிய கணினியில் மென்பொருளை நிறுவினார், அது உரிம எண்ணைக் கேட்டது, கொடுத்தார். சரிபார்க்கப்படுகிறது என்று ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு போன் செய்தபோது அது இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பதினோரு வருடக் கணக்கு. காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய மென்பொருள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோப்பை அப்படியே பைட் பைட்டாகக் காட்டும் ஒரு கருவியில் திறந்தேன். திரை முழுக்க எண்ணும் குப்பையும். கீழே இறங்க இறங்க, குப்பைக்கு நடுவில் ஆள் பெயர்கள் தெரிந்தன. அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை ஒட்டி வந்தார். "இந்தா, இவரு எனக்குப் பாக்கி தரணும்! எவ்வளவுன்னு பாரு." பெயர் தெரிகிறது, தொகை தெரியவில்லை. பெயரை எழுத்தாகவே சேமித்திருந்தார்கள், தொகையை எப்படிச் சேமித்தார்கள் என்பது செய்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. தன் கணக்கைத் தானே படிக்க முடியாமல் அத்தான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு மறக்காது.

மூன்று இரவுகள் ஆயிற்று. அவரிடம் அச்சடித்த பில்கள் கொஞ்சம் இருந்தன. ஒரு பில்லின் தொகையை எடுத்துக்கொண்டு, அது கணினிக்குள் என்னென்ன வடிவத்தில் இருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கோப்பில் தேடினேன். எட்டு பைட் தசம எண்ணாக ஓரிடத்தில் சிக்கியது. அந்தப் பெயரிலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று எண்ணினேன். அடுத்த பெயருக்கும் அதே தூரம். அப்புறம் ஒரு சின்ன நிரல் எழுதி வரிசையாக உருவினேன். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

எடுத்ததையெல்லாம் வெறும் உரைக் கோப்பாக, ஒரு வரிக்கு ஒரு பதிவு, நடுவில் காற்புள்ளி போட்டு, அவருக்குக் கொடுத்தேன். நோட்பேடில் திறந்து கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"இதை எதுல வேணா திறக்கலாமா?"

"எதுல வேணா."

"இருபது வருஷம் கழிச்சும்?"

"கழிச்சும்."

"அப்ப அவன் மொதல்லயே ஏன் இப்படி வைக்கலை?"

நான் ஒரு மணி நேரம் பேசியும் வராத கேள்வி. அன்று எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தேன், அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். அத்தான் லினக்ஸுக்கு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. இன்றும் காசு கொடுத்துத்தான் மென்பொருள் வாங்குகிறார். ஆனால் விற்க வருகிறவரிடம் முதலில், "உள்ளே போட்டதை வெளியே எடுக்கிறது எப்படி? எடுத்துக் காட்டு" என்கிறார். கடிதங்களை ஓப்பன் டாக்குமென்ட் வடிவத்தில் சேமிக்கிறார். அது 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமானது, அதன் விவரக்குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயரெல்லாம் அவருக்கு நினைவில்லை, "வெளிய வர்ற ஃபைல்" என்பார்.

எனக்கு அக்காதான் கடினமான வழக்கு.

அக்கா மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறாள். கணக்குகளும் விடைகளுமாக அவள் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு இருபது வருட உழைப்பு. அதை யாருக்கும் தர மாட்டாள், கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூட. "நான் ராத்திரி கண்ணு முழிச்சுப் போட்ட கணக்கு. நாளைக்கு எவனோ மேல இருக்கிற என் பேரை எடுத்துட்டு அவன் பேரைப் போட்டுக்குவான்." இதை அற்பம் என்று ஒதுக்க முடியாது, அவளுக்கு ஒருமுறை அப்படி நடந்தே இருக்கிறது.

அவளிடம் நான் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். ஆயுதம்தான், சொல்லப்போனால். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சேம்பர்லென் என்று ஒரு மருத்துவக் குடும்பம். பிரசவத்தில் குழந்தை சிக்கிக்கொண்டால் உயிரோடு எடுக்கும் இடுக்கியை அவர்கள் உருவாக்கினார்கள். 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதன் மூதாதை. அதை வெளியே சொன்னால் தொழில் போய்விடும் என்று தலைமுறை தலைமுறையாக ரகசியமாக வைத்திருந்தார்கள். பெரிய பெட்டியில் மூடி எடுத்துவருவார்களாம். அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பிரசவிக்கிற பெண்ணின் கண்ணையும் கட்டிவிடுவார்களாம். 18ஆம் நூற்றாண்டு பிறந்து வெகுநாள் கழித்துத்தான் மற்ற மருத்துவர்கள் கைக்கு அப்படி ஒரு கருவி வந்தது. அந்தக் குடும்பம் ஒளித்து வைத்த கருவிகள் 1813இல் எசெக்ஸில் அவர்களுடைய பழைய வீட்டின் தரைப் பலகைக்கு அடியில் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள் என்று யார் எண்ணினார்கள்?

அக்கா முழுவதும் கேட்டாள். "நான் என்ன பிள்ளைங்களைக் கொன்னுட்டா இருக்கேன்?" என்றாள். அதோடு இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு மனம் மாறச் சொன்னால் யார்தான் மாறுவார்கள்? நல்ல கதைதான், தப்பான ஆளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று நாம் உலாவும் வலையும் (வேர்ல்ட் வைட் வெப்) கோஃபர் என்ற பழைய முறையும் மோதிய கதையைச் சொல்லியிருக்கலாம், அதில் யாரும் சாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் இணையத்தில் தகவல் தேட மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர்தான் பிரபலம், வலை அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. 1993இல் கோஃபர் சர்வருக்கு உரிமக் கட்டணம் உண்டு என்று பல்கலைக்கழகம் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய வலை மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. நிரல் எழுதுகிறவர்கள் கோஃபரை விட்டு வலைப்பக்கம் வந்தார்கள். 2000இல் கோஃபரையும் கட்டற்ற உரிமத்தில் விட்டார்கள், அதற்குள் கேட்க ஆளில்லை.

கடைசியில் அக்காவை இளக்கியது கதை எதுவும் இல்லை, ஓர் உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒன்று இருக்கிறது. "பேர் போடாட்டா?" என்றாள். "பயன்படுத்துற உரிமையே அவனுக்கு இல்லாமப் போயிடும், நீ கேள்வி கேட்கலாம்." கேட்டால் அவன் பயப்படுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டு, எந்திரவியல் பகுதியில் நாற்பது கணக்குகளை மட்டும் வெளியிடச் சம்மதித்தாள். எல்லாப் பக்கத்திலும் அவள் பெயர்.

ஐந்து மாதம் கழித்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு. ஆற்றின் அகலம் 200 மீட்டர், படகின் வேகம் நொடிக்கு 5 மீட்டர், ஓட்டம் நொடிக்கு 3 மீட்டர், மிகக் குறைந்த நேரத்தில் கடக்க எவ்வளவு நேரமாகும்? அக்காவின் விடை 50 நொடி. எழுதியவர் அவளுக்கு முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை. மரியாதையாக இரண்டே வரி: "50 என்பது நேர் எதிரே போய்ச் சேருவதற்கான விடை. குறைந்த நேரம் என்றால் படகை நேராகக் குறுக்கே செலுத்த வேண்டும், ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் போகட்டும், 40 நொடிதான் வரும்."

அக்கா எனக்கு போன் செய்தாள். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பதினோரு வருஷமா அம்பதுன்னுதான் போட்டுக்கிட்டிருக்கேன். நாப்பதுன்னு எழுதின பிள்ளைங்களுக்கு மார்க்கைக் குறைச்சிருக்கேன்டா" என்றாள். யாராவது வந்து கேட்டார்களா என்றேன். ஒரு பையன் கேட்டானாம். உட்காரச் சொன்னாளாம்.

அன்று மாலையே விடையைத் திருத்தி, அடியில் அந்த ஆசிரியைக்கு நன்றி என்று பெயர் போட்டு ஏற்றச் சொன்னாள். மறுவாரம் வெப்பவியல் பகுதியையும் அனுப்பினாள், எங்கேயாவது தப்பு இருந்தால் சொல்லச் சொல்லி மேலே ஒரு குறிப்போடு. மின்னியலை இன்னும் தரவில்லை. அதில் தன் நல்ல கணக்குகள் இருக்கின்றனவாம். நானும் கேட்கவில்லை. போன வாரம் அத்தான்தான் அவளிடம், அந்த ஃபைல் எந்த சாஃப்ட்வேரில் இருக்கிறது, வெளியே வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.